பசியாறச் சொல்ல ஆளில்லாத வீடு

நம் மலேசியத் தமிழில் 'பசியாறுதல்' என்றொரு சொல் உண்டு. காலை உணவுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அது. தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களிடம் "பசியாறியாச்சா?" என்று கேட்டால், ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். அங்கே 'டிபன் ஆச்சா' என்று கேட்பது வழக்கம். இங்கே தோட்டத்திலும் கம்பத்திலும் தாமானிலும் காலையில் யாரைப் பார்த்தாலும் முதலில் வாயில் வருவது இந்தக் கேள்விதான். வந்தவர் பசியோடு இருக்கக்கூடாது என்ற அக்கறை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் வீட்டின் ஓர் அறையை வழிப்போக்கருக்கு விட்டு, காலையில் பசியாறவும் கொடுத்து அனுப்பும் வழக்கம் பல காலமாக உண்டு. 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' என்பார்கள். படுக்கையும் பசியாறலும் என்று சொல்லலாம். நம் நாட்டில் அதற்குச் சற்று நெருங்கிய ஏற்பாட்டுக்கு 'ஹோம்ஸ்டே' என்று பெயர். பெயரிலேயே வீடு இருக்கிறது. வீடு என்றால் அங்கே ஒரு குடும்பம் இருக்கும், வந்தவரை வாங்க என்று கூப்பிட ஒருவர் இருப்பார் என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். அண்மையில் மாசாயில் இரண்டு இரவு தங்கியபோது, அந்த ஒருவர் இல்லாமலேயே பெயர் மட்டும் தனியாகத் தொழில் நடத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

ஏன் மாசாய்?

ஜொகூர் பாருவிலிருந்து பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால், நெரிசல் இல்லாத நாளில் அரை மணி நேரத்தில் மாசாய் வந்துவிடும். கிழக்கே ஜொகூர் ஆறு, தெற்கே ஜொகூர் நீரிணை, நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் உபின் தீவு. 1977-இல் பாசிர் கூடாங்கில் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன்பின் எண்ணெய், இரும்பு, இரசாயனத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றில் வேலை செய்ய வந்தவர்களுக்காகத் தாமான்கள் எழுந்தன. இன்று மாசாயைச் சுற்றியுள்ள வட்டாரம் பாசிர் கூடாங் மாநகர் மன்றத்தின் ஆளுகையில் இருக்கிறது. 2020 நவம்பரில்தான் பாசிர் கூடாங் மாநகர் ஆனது.

அதற்கு முன்பு இங்கே பால்மரமும் செம்பனையும்தான். ரிந்திங் தோட்டத்தின் பெயர் இன்று தாமான் ரிந்திங் என்ற வீடமைப்புப் பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்ரீ ஆலாம், கோத்தா மாசாய் எனப் புதுப் பெயர்களோடு வீடுகள் பெருகிவிட்டன. தோட்டத்தை விட்டு வந்த நம்மவர்களும் பக்கத்துத் தாமான்களிலேயே குடியேறினார்கள். மாசாய் தமிழ்ப்பள்ளியும் கோயில்களும் அவர்களுக்கு இன்றும் ஊர் என்ற உணர்வைத் தந்துகொண்டிருக்கின்றன.

வளர்ச்சிக்கு இன்னொரு முகமும் உண்டு. 2019 மார்ச் மாதம் கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவி நாடியதும், பாசிர் கூடாங் வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டதும் நமக்கு நினைவிருக்கும். அன்று வீட்டுக் கதவுகளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உறவினர்களைக் கைப்பேசியில் விசாரித்துக்கொண்டிருந்த குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று.

எங்கள் அத்தைக்கு 76 வயது. மாசாய் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறியபோது அவருடைய குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்துவிட்டது. அதன்பிறகு திருமணம், துக்கம் என்று மாசாய்க்குப் போயிருக்கிறார். ஆனால் அங்கே இரவு தங்கியதில்லை. காலையில் போய் மாலையில் திரும்பும் பயணங்கள்தான். இந்த முறை உறவினர் மகளுக்கு மாசாயில் திருமணம். அத்தை ஒரே ஒரு விருப்பம் சொன்னார்.

"ஹோட்டல் எல்லாம் வேணாம்ப்பா. கம்பத்து வீடா பாரு. ரெண்டு ராத்திரி அந்த மண்ணுல படுத்து எந்திரிக்கணும். விடியக்காலையில கோழி கூவுறது கேட்டா போதும்."

திருமண வீட்டாரிடம் தங்க முடியாது. அவர்கள் இருப்பது மலிவு விலை அடுக்குமாடி. மூன்று அறைகளிலும் சொந்தபந்தம் நிறைந்து கிடந்தது. ஆகவே இணையத்தில் தேடினோம். கொங் கொங் போகும் திசையில் ஒரு ஹோம்ஸ்டே கிடைத்தது. படத்தில் தூண்மேல் நிற்கும் பலகை வீடு, வாசலில் தென்னை, படியோரம் சிவப்புக் கொண்டைச் சேவல். 'உண்மையான கம்பத்துச் சூழல், காலை உணவு உண்டு, குடும்பத்தோடு தங்க ஏற்றது' என்று மலாயில் எழுதியிருந்தது. புலனத்தில் தொடர்புகொண்டு விசாரித்தேன். வீட்டில் ஆள் இருப்பார்களா? காலை உணவு என்றால் என்ன கொடுப்பீர்கள்? உட்கார்ந்து பயன்படுத்தும் கழிப்பறைதானே? மூன்றுக்கும் "உண்டு, பாஸ்" என்று பதில் வந்தது. நாசி லெமாக்கும் குவேயும் தருவோம் என்றும் எழுதினார்கள். இரண்டு இரவுக்கு 360 ரிங்கிட், முன்பணம் 100 ரிங்கிட். கட்டினோம்.

போய்ச் சேர்ந்த வீடு

கிள்ளானிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரத்துக்கு மேல். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். படத்தில் இருந்த பலகை வீடு அங்கே உண்மையிலேயே இருந்தது. ஆனால் சன்னல்கள் ஆணியடித்து, கதவு பூட்டிக் கிடந்தது. எங்களுக்கு ஒதுக்கியிருந்தது அதன் பின்புறச் சுவரை ஒட்டிக் கட்டிய இரண்டு சிமெண்டு அறைகள். மேலே தகரக் கூரை. சன்னலைத் திறந்தால் ஒரு முழ தூரத்தில் பக்கத்துக் கிடங்கின் தகரச் சுவர்.

வாசலில் எண் பூட்டுப் பெட்டி ஒன்று தொங்கியது. புலனத்தில் நான்கு எண்கள் வந்தன. திருகினோம், பெட்டி திறந்தது, உள்ளே சாவி. வாங்க என்று சொல்ல ஒருவரும் இல்லை. மேலே கண்காணிப்புக் கேமரா மட்டும் சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே போனதும் சுவரில் விதிமுறைகள். பிளாஸ்டிக் உறை போட்ட தாளில் 14 வரிகள். சமைக்கக்கூடாது, துரியான் கொண்டுவரக்கூடாது, கூடுதல் ஆள் வரக்கூடாது, சுவரில் எதையும் ஒட்டக்கூடாது. ஒவ்வொரு கூடாதுக்கும் பக்கத்தில் அபராதத் தொகை. அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "வந்துட்டோம்னு சந்தோஷப்பட ஒரு வரி இல்லையா?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன், இல்லை.

கழிப்பறை உட்கார்ந்து பயன்படுத்துவதுதான். ஆனால் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஓர் அடி உயரப் படி. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. முழங்கால் வலியுள்ளவர் இரவில் எழுந்தால் இன்னொருவரும் எழவேண்டும். என் மனைவி இரண்டு இரவும் அரைத்தூக்கம்தான் தூங்கினார்.

இரவு பதினொரு மணிக்கு மின்சாரம் நின்றது. வெளியே தெருவிளக்கு எரிந்ததால் கோளாறு எங்கள் அறைகளில்தான் என்று தெரிந்தது. செய்தி அனுப்பினேன். நாற்பது நிமிடம் கழித்து ஒரு படம் வந்தது: கட்டடத்தின் பின்னால் இருக்கும் மின்பெட்டி, அதில் ஒரு பொத்தானைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "பின்னால் போய் மேலே தள்ளுங்கள், பாஸ்." கைப்பேசி வெளிச்சத்தில் புல்லுக்குள் நடந்துபோய்த் தள்ளினேன். அந்த உரையாடலில்தான் உரிமையாளர் கோலாலம்பூரில் இருப்பதும், இன்னும் சில இடங்களில் இதே முறையில் வீடு விடுவதும் தெரிந்தது. வீட்டில் ஆள் இருப்பார்கள் என்றீர்களே என்று கேட்டேன். "துப்புரவுக்கு ஆள் வருவார், பாஸ்" என்று பதில்.

கோழி கூவவில்லை. ஆறு மணிக்குச் சற்று முன் பக்கத்துச் சூராவிலிருந்து பாங்கு ஒலித்தது. அத்தை எழுந்து கட்டிலில் உட்கார்ந்தார். "இது அப்பவும் கேக்கும். எங்கம்மா இதைக் கேட்டுத்தான் எந்திரிச்சு அடுப்புப் பத்த வைக்கும். அப்புறம்தான் பெரட்டு" என்றார். வந்ததற்கு அவருக்குக் கிடைத்தது அந்தச் சில நிமிடங்கள்.

பிறகு காலை உணவு. அதைத் தேடவேண்டியிருந்தது. தொலைக்காட்சி மேசையின் கீழே மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே 'மூன்றில் ஒன்று' காப்பித்தூள் நான்கு பொட்டலம், கிரீம் கிராக்கர் பிஸ்கட், சுடுநீர் ஊற்றும் மீ கோப்பை இரண்டு. நாங்கள் மூன்று பேர். பெட்டியின் மேல் மலாயில் 'காலை உணவு' என்று எழுதி ஒட்டியிருந்தது. அத்தை மீ கோப்பையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதுக்குப் பேரு பசியாறலா?" என்று கேட்டுவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தார்.

நியாயமாக இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும். படுக்கை விரிப்புகள் துவைத்து மடித்தவை. பூட்டு உறுதியானது. குளிர்சாதனம் ஒழுகினாலும் குளிர்ந்தது. திருமணத்துக்குப் போகும் இளைஞர்கள் நால்வர் படுத்து எழுந்து போக அந்த இடம் போதும். 'வாடகைக்கு இரண்டு அறை' என்று விளம்பரம் செய்திருந்தால் எனக்கு ஒரு புகாரும் இருந்திருக்காது. அறையை விற்றவர் ஒரு வீட்டையும், அதில் இருப்பதாகச் சொன்ன மனிதரையும் சேர்த்து விற்றதுதான் குறை.

ஹோம்ஸ்டே எங்கே தொடங்கியது?

மலேசியாவில் இந்த வழக்கத்தின் தொடக்கமாகப் பலரும் சுட்டுவது பகாங்கின் செராத்திங் கம்பத்தை. 1970-களில் கடற்கரை தேடி வந்த வெளிநாட்டு இளைஞர்களை மாக் லோங் தே என்ற உள்ளூர்ப் பெண்மணி தம் வீட்டில் தங்கவைத்தார். படுக்க இடம், காலையில் உணவு, இரவில் உணவு. திட்டமிட்ட தொழிலாக அது தொடங்கவில்லை. வந்தவர்களுக்குச் சோறு போட்டதில் தொடங்கியது.

அரசாங்கம் அதை ஒரு திட்டமாக்கியது 1995-இல். பகாங், தெமெர்லோ அருகே டேசா முர்னியில் ஹோம்ஸ்டே திட்டம் அதிகாரப்பூர்வமாகத் தொடங்கப்பட்டது. விதிகள் எளிமையானவை. வீட்டுக்காரர் அந்த வீட்டிலேயே வாழவேண்டும். விருந்தினருக்குத் தனி அறை வேண்டும். கழிப்பறை சுத்தமாக இருக்கவேண்டும். வீட்டுக்குப் போகப் பாதை வசதி வேண்டும். குற்றப் பின்னணி இருக்கக்கூடாது. பயிற்சி பெற்று, சுற்றுலா அமைச்சில் பதிவு செய்துகொள்ளவேண்டும். ஒரே ஒரு வீடு மட்டும் தனியாக நடத்துவதும் நோக்கமன்று. ஒரு கம்பத்தின் பல வீடுகள் சேர்ந்து விருந்தினரைப் பகிர்ந்துகொள்ளும்.

விருந்தினர் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவார். பால்மரம் சீவுவதைப் பார்ப்பார், குவே செய்யக் கற்பார், கம்பத்துத் திருமணத்துக்குப் போவார். ஜப்பானிய மாணவர்கள் கூட்டமாக வந்து தங்கி, வீட்டுக்காரர்களை அப்பா அம்மா என்று அழைத்துவிட்டுப் போன கம்பங்கள் உண்டு. சபாவில் கினாபாத்தாங்கான் ஆற்றோரம் பத்து பூத்தேயில் உள்ள மிசோ வாலாய் ஹோம்ஸ்டே, காட்டைக் காப்பதையும் விருந்தினரைக் கவனிப்பதையும் ஒரே வேலையாகச் செய்து பெயர் பெற்றது. 2012-இல் மலேசிய ஹோம்ஸ்டே திட்டத்துக்கு உலகச் சுற்றுலா அமைப்பின் உலிசஸ் விருதும் கிடைத்தது.

இந்தியாவிலும் இதே அடிப்படைதான். மத்திய அரசின் 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' திட்டத்தில் பதிய வேண்டுமானால், உரிமையாளர் குடும்பத்தோடு அந்த வீட்டில் வசிக்கவேண்டும். விருந்தினருக்கு விடும் அறைகள் ஆறுக்கு மேல் போகக்கூடாது. கேரள அரசு தன் ஹோம்ஸ்டேக்களை வைரம், தங்கம், வெள்ளி என்று தரம் பிரிக்கிறது. எந்த நாடாக இருந்தாலும் முதல் நிபந்தனை, வீட்டில் வீட்டுக்காரர் இருக்கவேண்டும் என்பதே.

பிறகு இணையம் வந்தது. 2007-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாடகை கட்டத் தவித்த இரண்டு இளைஞர்கள், தங்கள் வீட்டுக் கூடத்தில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு மூன்று பேரைத் தங்கவைத்தார்கள். காலை உணவும் கொடுத்தார்கள். அதிலிருந்து பிறந்த நிறுவனத்துக்கு முதலில் 'ஏர்பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' என்றுதான் பெயர். 2009-இல் அது 'ஏர்பிஎன்பி' என்று சுருங்கியது. பெயர் சுருங்கியபோது காலை உணவு ஒற்றை எழுத்தாகிவிட்டது. தொழில் பெருகப் பெருக, பல இடங்களில் வீட்டுக்காரரும் வீட்டை விட்டுப் போய்விட்டார்.

நம் நாட்டில் இன்று எந்தத் தாமானுக்குள் போனாலும் ஒரு மாடி வீட்டு வாசலில் 'ஹோம்ஸ்டே' என்று பலகை தொங்கும். உள்ளே குடும்பம் இருக்காது. திருமணம், தைப்பூசம், பல்கலைக்கழகப் பட்டமளிப்பு என்று வரும் கூட்டத்துக்கு முழு வீட்டையும் நாள் வாடகைக்கு விடுவார்கள். அதுவும் தேவையான சேவைதான், குடும்பம் குடும்பமாகப் பயணம் போகும் நமக்கு நிறையவே உதவுகிறது. ஆனால் அதற்குப் பெயர் குறுகிய கால வாடகை. பதிவு பெற்றவர்கள் மட்டுமே ஹோம்ஸ்டே என்ற பெயரைப் பயன்படுத்தவேண்டும் என்று சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சு பலமுறை நினைவூட்டியிருக்கிறது. 2017-இல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வந்தபோதும், பதிவு பெற்ற ஹோம்ஸ்டேக்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சட்டத்துக்கு இரண்டும் வேறுவேறு என்று தெரிந்திருக்கிறது. விளம்பரத்தில்தான் கலந்துவிட்டன.

கொங் கொங் கரையில் ஒரு காலை

பிஸ்கட் பெட்டியை மூடிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு கொங் கொங் லாவுட்டுக்குப் போனோம். ஜொகூர் ஆறு கடலைத் தொடும் பக்கத்தில் உள்ள மீனவர் கம்பம் அது. படகுகள் கரை சேர்ந்திருந்தன. கண்டல் மரங்களுக்கு நடுவே சேற்று வாசனை. கரையோரம் ஓர் ஒட்டுக்கடை. ஐம்பது வயது மதிக்கத்தக்க மலாய்ப் பெண்மணி நாசி லெமாக் கட்டிக்கொண்டிருந்தார். அத்தை மெதுவாக நடந்து வருவதைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டு, முதுகு சாய்க்கும் நாற்காலி ஒன்றை உள்ளேயிருந்து எடுத்துவந்து போட்டார். "சூடா மாக்கான், மாச்சிக்?" என்று கேட்டார். சாப்பிட்டீர்களா என்று அர்த்தம். நம் 'பசியாறியாச்சா'தான்.

அத்தையின் மலாய், தோட்டத்து மலாய். பல ஆண்டுகளாக அதிகம் பேசாதது. ஆனாலும் இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். அத்தை பிறந்த தோட்டத்தின் பெயர் அந்தப் பெண்மணிக்குத் தெரிந்திருந்தது. அவருடைய தந்தை அங்கே மீன் விற்கப் போவாராம். லயத்துப் பெண்கள் கடன் சொல்லி மீன் வாங்கி, சம்பள நாளில் தவறாமல் கொடுத்துவிடுவார்கள் என்று அப்பா சொல்வார் என்றார். "அதெல்லாம் இப்போ தாமான் ஆகிவிட்டது" என்று கையை மேற்குப் பக்கம் காட்டினார். அத்தை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று பேர் வயிறாரச் சாப்பிட்டதற்கு 21 ரிங்கிட். புறப்படும்போது இரண்டு பொட்டலம் குவே கையில் திணித்தார். காசு வாங்கவில்லை. பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை, வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். ஏன் ஹோம்ஸ்டே நடத்தக்கூடாது என்று கேட்டேன். சிரித்தார். "எங்கள் வீடு பழசு. படம் எடுத்தால் அழகாக இருக்காது. அதெல்லாம் பெரிய வீடு வைத்திருப்பவர்கள் செய்வது" என்றார்.

நாங்கள் கட்டிய 360 ரிங்கிட் எங்கே போயிருக்கவேண்டும் என்று அப்போது தோன்றியது. பெயர் கெட்டுப்போவதில் நட்டம் விருந்தினருக்கு மட்டும் இல்லை. ஹோம்ஸ்டே என்றால் எண் பூட்டும் மீ கோப்பையும்தான் என்று பத்துப் பேர் முடிவு செய்துவிட்டால், பதினோராவது ஆள் பதிவு பெற்ற கம்பத்து வீட்டையும் நம்பமாட்டார். பயிற்சிக்குப் போய், கழிப்பறையைத் திருத்திக் கட்டி, விருந்தினருக்காகக் காத்திருக்கும் குடும்பத்தின் வருமானம் அங்கே குறைகிறது.

நம்மவர் வீடுகள் எங்கே?

அன்று மாலை திருமண மண்டபத்தில் அத்தை இன்னொரு கேள்வி கேட்டார். "நம்ம ஆளுங்க யாரும் இந்த மாதிரி வீடு நடத்தலையா?"

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். விருந்தோம்பலுக்கு லயத்தில் குறைவே இருந்ததில்லை. ஊரிலிருந்து யாராவது வந்தால் முன்னறையில் அவர்களுக்குப் பாய் விரித்துவிட்டு, வீட்டுக்காரர்கள் குசினியில் படுப்பார்கள். கடைசிக் கோழியை அடிப்பார்கள். பக்கத்து வீட்டிலிருந்து தலையணை வரும். ஆனால் அந்த வீடு அவர்களுடையதன்று. தோட்ட நிர்வாகத்தின் சொத்து. வேலை போன நாளில் வீடும் போனது. தோட்டம் வீடமைப்பு நிலமாக மாறியபோது, தலைமுறையாக வாழ்ந்தவர்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கவேண்டியிருந்தது.

ஹோம்ஸ்டே திட்டத்துக்குச் சொந்த வீடு வேண்டும். அதே இடத்தில் ஒன்றாக வாழும் பல குடும்பங்கள் வேண்டும். மலாய்க் கம்பங்களுக்கும் சபா, சரவாக் கிராமங்களுக்கும் அது வாய்த்திருந்தது. 1995-இல் திட்டம் வந்தபோது நம்மில் பலர் தோட்டத்தை விட்டு அடுக்குமாடிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பல ஆண்டுகள் பால்மரம் சீவியவர்களின் கதையை, பால்மரம் சீவிக் காட்டியபடி விருந்தினருக்குச் சொல்ல நமக்கு ஒரு வாசல் இல்லாமல் போனது இப்படித்தான். சொந்த நிலமும் வீடும் வாங்கி ஓரிடத்தில் சேர்ந்து வாழும் நம்மவர்கள் இன்று பல மாநிலங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது எட்டாத காரியமில்லை. அமைச்சின் மாநில அலுவலகத்தில் போய் விசாரிப்பதுதான் முதல் வேலை.

பணம் கட்டும் முன்

அடுத்த பள்ளி விடுமுறைக்குள் பலர் வீடு தேடத் தொடங்கிவிடுவீர்கள். முதியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு பெற்ற ஹோம்ஸ்டே என்றால் தயங்காமல் கொடுப்பார்கள். அமைச்சின் மாநில அலுவலகத்தில் சரிபார்க்கலாம்.

'ஆள் இருப்பார்களா' என்று பொதுவாகக் கேட்டால் 'உண்டு' என்று சொல்லிவிடுவார்கள். 'அன்றிரவு அந்த வீட்டில் உங்கள் குடும்பத்தார் யார் படுப்பார்கள்' என்று கேளுங்கள்.

காலை உணவை யார் சமைப்பார்கள், எத்தனை மணிக்கு, எத்தனை பேருக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

படத்தை நம்பவேண்டாம். காணொளி அழைப்பில் வாசலிலிருந்து கழிப்பறை வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். படிகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

விளம்பரப் பக்கத்தையும் உரையாடலையும் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சொன்னதற்கும் கொடுத்ததற்கும் வேறுபாடு இருந்தால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை.

நாங்கள் அதுவரை போகவில்லை. விளம்பரப் படத்தையும் நாங்கள் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உரிமையாளருக்கு அனுப்பினேன். கோபமாக எதுவும் எழுதவில்லை. முன்பணம் 100 ரிங்கிட் மறுநாளே திரும்பி வந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது விளம்பரத்திலிருந்து 'காலை உணவு உண்டு' என்ற வரியை எடுத்திருந்தார்கள். பலகை வீடும் சேவலும் அப்படியே இருந்தன.

அத்தை அதைக் கேட்டுச் சிரித்தார். அவருக்கு இப்போது வேறு யோசனை. கொங் கொங் பெண்மணியின் கைப்பேசி எண்ணை வாங்கி வைத்திருக்கிறார். பதிவு செய்வது எப்படி என்று விசாரித்து அவருக்குச் சொல்லும்படி என்னிடம் வேலை ஒப்படைத்திருக்கிறார். கம்பத்தில் இன்னும் சில வீடுகள் சேரவேண்டும், பயிற்சி வேண்டும், கழிப்பறைக்குச் செலவாகும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

"அதெல்லாம் அவங்க பார்த்துக்குவாங்க. நீ கேட்டு மட்டும் சொல்லு" என்றார் அத்தை. வரும் திங்கட்கிழமை அலுவலகத்துக்கு அழைக்கவேண்டும்.